தண்ணீருக்கு இறங்கியவள்

நம் பள்ளிக்கூடக் கூட்டாளிகள் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. சங்கரன்கோவில் ரயில்வே ஸ்டேஷன். உயர்த்திக் கட்டிய நடைமேடை, பெட்டி எண்ணைக் காட்டுகிற விளக்குப் பலகை, தலைக்கு மேலே மின்கம்பி. அதன் கீழே ஒருத்தி, "இது நாம பாத்த ஸ்டேஷன்தானா மக்கா?" என்று கேட்டிருந்தாள். உடனே நீங்கள் எல்லாரும் அழுகிற பொம்மையை வரிசையாக அனுப்பியிருந்தீர்கள். என்னத்துக்கு அழுகை? பழைய ஸ்டேஷனில் மழைக்கு ஒதுங்கப் பாதி இடத்தில் கூரை கிடையாது. கக்கூஸ் பக்கம் மூக்கைப் பிடிக்காமல் போக முடியாது. அங்கேயே பிறந்து வளர்ந்தவள் சொல்கிறேன், புதுசு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பழைய நடைமேடையில் ஓர் ஆடி மாதம் நான் பார்த்ததை உங்களில் யாரும் பார்க்கவில்லை. நீங்களெல்லாம் ஊருக்குள் கோவிலைச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். படத்தைப் பார்த்ததிலிருந்து அது என்னைப் போட்டுக் குடைகிறது. எழுதிவிடுகிறேன். நீளமாக இருக்கிறதென்று யாராவது முணுமுணுத்தால் நேரில் வந்து உட்கார்ந்து படித்துக் காட்டுவேன், ஜாக்கிரதை.

அப்பாவுக்கு ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன் வேலை. வண்டி வரும்போது தண்டவாளத்தை மாற்றிவிட வேண்டும், கொடி காட்ட வேண்டும், ஸ்டேஷன் மாஸ்டர் திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டும். நடைமேடை முடிகிற இடத்தில் ஒற்றை அறை குவார்ட்டர்ஸ். அதில் அப்பா, அம்மா, நான், அத்தை. மீட்டர்கேஜ் காலம், நிலக்கரி எஞ்சின். எங்கள் வீட்டுச் சோற்றில்கூடக் கரித்தூள் கடிபடும். வெள்ளைத் துணி என்று எங்கள் கொடியில் எதுவும் காய்ந்ததில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. ராயகிரியில் கட்டிக்கொடுத்தார்கள். பிறந்த ஒரே பிள்ளையும் மூன்றாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டது. ராசியில்லாதவள் என்று சொல்லி மாமியார் வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போதெல்லாம் கோடை தொடங்கி ஆடித் தபசு முடிகிற வரை ரயில் பயணிகளுக்குக் குடிதண்ணீர் கொடுக்கத் தற்காலிகமாக ஆள் எடுப்பார்கள். அத்தை யாரிடமும் கேட்காமல் போய் அந்த வேலையில் சேர்ந்துகொண்டாள். அப்பா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. 'ரயிலடியில் நின்னு ஊரானுக்கெல்லாம் தண்ணி ஊத்துதாளாம்' என்று சொந்தக்காரர்கள் வாயைச் சுழித்தார்கள்.

எனக்கு அவள் ராணியாகத் தெரிந்தாள். இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் பெரிய பித்தளைத் தவலை, அதைச் சுற்றி ஈரச் சாக்கு, கையில் நீளக் காம்பு வைத்த செம்பு. வண்டி வந்து நின்றதும் ஜன்னல் ஜன்னலாகக் கைகள் நீளும். கூஜா, திருகு மூடிச் செம்பு, அலுமினியத் தூக்கு, பிள்ளைகளின் பிளாஸ்டிக் டம்ளர். இன்றைக்கு அந்தக் கூஜா எந்த வீட்டில் இருக்கிறது? எங்கள் வீட்டிலும் இல்லை. அத்தை ஒரு சொட்டு கீழே சிந்தாமல் ஊற்றிக்கொண்டே போவாள். சில பேர் குடிக்கிறதுக்கு முன்னால், "நீங்க என்ன ஆளுக?" என்று மெதுவாகக் கேட்பார்கள்.

"தாகத்துக்குத் தண்ணி குடுக்குற ஆளு. வேணும்னா பிடிங்க. வேண்டாம்னா எச்சியை முழுங்கிட்டுப் போங்க" என்பாள் அத்தை. கேட்டவர் கூஜாவை நீட்டிவிடுவார். தாகம் அப்படி.

ஆடித் தபசுக்குக் கொடியேறிவிட்டால் எங்கள் ஸ்டேஷனே வேறு ஊராகிவிடும். சிவகாசி, ராஜபாளையம் பக்கமிருந்து வடக்கு வண்டியில் ஒரு கூட்டம், கடையநல்லூர், தென்காசியிலிருந்து தெற்கு வண்டியில் ஒரு கூட்டம். நம் அம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கிறாள் என்றால் அவளுக்குக் கால் வலிக்குமே என்று அந்த வலியை வாங்கிக்கொள்ள நூற்றெட்டுச் சுற்று சுற்ற வருகிறவர்கள். கரிசல்காட்டுக்காரர்கள் தபசு அன்று அம்மனை நோக்கி அள்ளி எறிந்து சூறை விட மிளகாய் வத்தலும் பருத்தியும் மூட்டையாகக் கொண்டுவருவார்கள். மூட்டை இறங்கினால் நடைமேடை முழுக்கத் தும்மல். திரும்பிப் போகிறவர்கள் கையில் கோவில் புற்றுமண் பொட்டலம். இதே வண்டியில்தான் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கூட்டமும் இருக்கும். தோளில் துண்டு, கையில் எண்ணெய்க் குப்பி, பெட்டி படுக்கை, சீட்டுக்கட்டு. சாமிக்கு வந்தவர்கள் இறங்குவார்கள், சாரலுக்குப் போகிறவர்கள் காலை நீட்டிக்கொள்வார்கள். இரண்டு கூட்டத்துக்கும் தண்ணீர் அத்தைதான்.

ஸ்டேஷன் மாஸ்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அந்தக் கூட்டத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. எடை மெஷின் மேல் ஒருத்தி சூடம் ஏற்றிவிட்டாள் என்று குதி குதி என்று குதித்தார். "இது என்ன கோயிலா? ஸ்டேஷன்!" என்று தினம் பத்துத் தடவையாவது கத்துவார். சாமி குத்தம் அவரைச் சும்மா விடாது என்று ஊரே காத்திருந்தது. நாங்கள் வைத்த பெயர் சிடுமூஞ்சி. கல்நெஞ்சக்காரர் என்று எங்கள் அம்மாவே சொல்லுவாள். அம்மா ஆளை எடை போட்டதில் தப்பாகிப்போன ஒன்றிரண்டில் அது ஒன்று.

தபசுக்கு முந்தின நாள். உச்சிப் பொழுது. அம்மியும் பறக்கும் என்பார்களே, அப்படிக் காற்று. நானும் உங்களைப் போலவே பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு பார்சல் கொட்டகைக்குப் பக்கத்தில் பருத்திப் பொதி மேல் உட்கார்ந்திருந்தேன். செங்கோட்டை போகிற பாசஞ்சர் வந்தது. இறங்கினார்கள் பாருங்கள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஜன்னல் வழியாகவும். யார் இறங்குகிறார், யார் ஏறுகிறார் என்று தெரியவில்லை. அத்தையின் தவலை பாதி வண்டிக்கு முன்பே காலி. குழாயடிக்கு ஓடினாள். எஞ்சின் ஊதிற்று. வண்டி நகர்ந்தது.

கடைசிப் பெட்டி நடைமேடையைத் தாண்டும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அடிவயிற்றிலிருந்து வந்தது. அதில் வார்த்தை இல்லை. ஒரு இளம்பெண் வண்டிக்குப் பின்னால் ஓடினாள். ஜல்லியில் விழுந்தாள், எழுந்தாள், மறுபடி ஓடினாள். கையிலிருந்த கூஜா எங்கோ உருண்டது. கொண்டை அவிழ்ந்து முடியைக் காற்று விரித்துவிட்டது. வண்டி போய்விட்டது. அவள் நடைமேடையில் வந்து விழுந்து புரண்டு, அதே சத்தத்தைப் போட்டாள்.

வேறு எந்த ஊராக இருந்தாலும், 'பாவம், வண்டியை விட்டுட்டா' என்றுதான் நினைப்பார்கள். எங்கள் ஊர், தபசுக்கு முந்தின நாள், தலைவிரி கோலமாக ஒருத்தி விழுந்து புரளுகிறாள். இரண்டாவது யோசனையே யாருக்கும் வரவில்லை.

"ஆத்தா வந்துட்டா!" என்றது ஒரு குரல். அவ்வளவுதான். கூட்டம் சுற்றிக்கொண்டது. யாரோ வேப்பிலையை ஒடித்து அவள் கையில் திணித்தார்கள். யாரோ புற்றுமண்ணைக் கரைத்து நெற்றியில் அப்பினார்கள். யாரோ மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார்கள். சிவகாசிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி காலில் விழுந்து, "ஆத்தா, என் மகனுக்கு எப்பம் கல்யாணம் கூடும்? ஒரு வாக்கு சொல்லு தாயே" என்று கேட்டாள்.

அந்தப் பெண் தெற்கே தண்டவாளத்தைக் காட்டினாள்.

"தெக்க இருந்து பொண்ணு வருமாம்!" என்று கூட்டம் சொன்னது. அவள் தலையை உலுக்கி, நெஞ்சில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டாள். "நெஞ்சுல அடிச்சுச் சத்தியம் பண்ணுதா, பாத்தியளா!" என்று அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர் விட்டாள். நானும் லேசுப்பட்டவளா? பருத்திப் பொதி மேலிருந்தே கைகூப்பி, கணக்கில் பாஸ் பண்ண வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஆடுறதெல்லாம் வெளியில வெச்சுக்கோங்க. இந்த அம்மாவ கேட்டுக்கு வெளியே கொண்டு விடுங்கய்யா!" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினார். கூட்டத்துக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அம்மன் சன்னதி முன்னால் சக்கரம் பதித்த குழி இருக்கிறதே, பேய் பிடித்தவர்களையும் புத்தி பேதலித்தவர்களையும் உட்கார வைப்பார்களே, அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தால் வந்திருப்பது ஆத்தாளா வேறு ஏதாவதா என்று தெரிந்துவிடும் என்றார்கள். சாமியை நம்புகிறவர்களும் நம்பாதவரும் முதல்முறையாக ஒரே பேச்சாகிவிட்டார்கள். அவளைத் தூக்கி நிறுத்தினார்கள். அவள் தெற்குப் பக்கம் திமிறத் திமிற, வாசல் பக்கம் இழுத்தார்கள்.

அந்த நேரத்தில் நிறைந்த தவலையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு அத்தை வந்தாள்.

"இவ எங்கிட்ட தண்ணி வாங்கினவல்லா! எஞ்சினுக்குப் பின்னால ரெண்டாவது பொட்டி, பொம்பளையாளுக பொட்டி. கூட்டத்துல சன்னலுக்குக் கை எட்டலன்னு இறங்கி வந்து கூஜாவை நீட்டினா. ஏட்டி, நீ வண்டியில போகலையா?"

அத்தை பின்னாலிருந்து கூப்பிட்டாள். கை தட்டினாள். அவள் திரும்பவில்லை. அத்தை தவலையின் பித்தளை மூடியை எடுத்து அவள் முதுகுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் ஓங்கிப் போட்டாள். அத்தனை பேரும் துள்ளினார்கள். அவள் மட்டும் அசையவில்லை.

"சாமியுமில்ல பூதமுமில்ல. காது கேக்காத பிள்ளை இது. கூட்டத்தை விலக்கிட்டுத் திரும்புறதுக்குள்ள வண்டி ஊதினது இவளுக்குக் கேக்கல" என்றாள் அத்தை.

சொல்லிக்கொண்டே அவளைத் தன் பக்கம் திருப்பினாள். திருப்பினவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பெண்ணின் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்ததில் நனைந்தது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அத்தைக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ராயகிரியிலிருந்து அவள் திரும்பி வந்தபோது பிள்ளை இல்லாமல் பால் கட்டிக்கொண்டு, அது வற்றுவதற்கு மல்லிகைப்பூவை வைத்துக் கட்டி, வலி பொறுக்காமல் சுவரோடு சுவராகச் சாய்ந்து கிடந்தாளாம். அம்மா வெகுநாள் கழித்து எனக்குச் சொன்னது இது.

அத்தை இரண்டு கையையும் மடித்துத் தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்டிக் காட்டினாள். அந்தப் பெண் அத்தையின் கையைப் பாய்ந்து பிடித்துக்கொண்டாள். மறுபடி தண்டவாளத்தைக் காட்டினாள். மறுபடி நெஞ்சில் அடித்தாள். இந்த முறை யாரும் அதை வாக்கு என்று சொல்லவில்லை.

"சார்!" என்று அத்தை போட்ட சத்தம் குவார்ட்டர்ஸ் வரை கேட்டிருக்கும். "இவ பால்குடிப் பிள்ளை அந்த வண்டியில போகுது சார்! பிள்ளைய பொட்டியில கிடத்திட்டு இவ தண்ணிக்கு இறங்கியிருக்கா!"

ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு விநாடி விழித்தார். அப்புறம் ஓடினார். அவர் ஓடி நாங்கள் பார்த்ததே இல்லை. தொப்பி காற்றில் பறந்தது, திரும்பிப் பார்க்கவில்லை.

அது ஒற்றைத் தண்டவாளம் என்பது உங்களுக்குத் தெரியும். செங்கோட்டை போகிற வண்டியும் அங்கிருந்து வருகிற வண்டியும் அடுத்த ஸ்டேஷனான பாம்புக்கோவில் சந்தையில்தான் ஒன்றையொன்று கடக்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பிள்ளையை இந்த வண்டியிலிருந்து அந்த வண்டிக்கு மாற்றிவிட்டால் உடனே இங்கே வந்து சேர்ந்துவிடும். விட்டால், பிள்ளை செங்கோட்டை வரை போகும். வழியில் யார் கையில் ஏறும், யார் இறக்கிக்கொண்டு போவார்கள்? தேடிப் போய்க் கேட்க அந்தத் தாய்க்கு வாயில்லை, எழுத்துத் தெரியுமோ என்னவோ. அப்பா இதைக் கூட்டத்துக்குச் சொல்லி முடித்ததும் கூட்டத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் போனைச் சுற்றினார். யாரும் எடுக்கவில்லை. மறுபடி சுற்றினார். ஜன்னலுக்கு வெளியே கூட்டம் நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது. மூன்றாவது முறை யாரோ எடுத்தார்கள்.

"ரெண்டு வண்டியும் நிக்குதா? கிளம்பப் போகுதா? விடாதீங்க! நிறுத்துங்க! எதையும் விடாதீங்க! யாரு கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க!" போன் குழாயைப் பொத்திக்கொண்டு, "எந்தப் பெட்டிம்மா?" என்று அத்தையைக் கேட்டார்.

"ரெண்டாவது சார். பொம்பளையாளுக பொட்டி."

காத்திருந்தோம். போன் குழாய் அவர் காதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் நெற்றி வேர்வை சொட்டியது. எங்களுக்கு வாய்த்த சிடுமூஞ்சி உதட்டை முணுமுணுப்பதை நான் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். சாமியைத்தான் கூப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

"குழந்தை இருக்கு" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

'பிள்ளை இருக்கு, பிள்ளை இருக்கு' என்று சொல் கூட்டத்தில் கடைசி ஆள் வரை போயிற்று. அத்தை அந்தப் பெண்ணுக்கு முன்னால் குத்தவைத்து, தெற்கைக் காட்டி, கையைத் தொட்டிலாக்கி, பிறகு அதை நம் பக்கம் இழுத்துக் காட்டினாள். நாலைந்து முறை காட்டினாள். அவள் நம்பவில்லை. அத்தையின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்திருந்தாள். நூற்றெட்டுச் சுற்று வேண்டி வந்தவர்களில் ஒருத்தர்கூடக் கோவிலுக்குக் கிளம்பவில்லை. குறி கேட்ட சிவகாசி அம்மாள் அவள் நெற்றி மண்ணைத் துடைத்து, முடியை அள்ளி முடிந்துவிட்டு, "என்னைப் பெத்தவளே, தெரியாமப் பண்ணிட்டோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்காது என்று தெரிந்தும் சொன்னாள்.

வண்டி வந்தது. நிற்பதற்கு முன்பே வாசலில் ஒரு அம்மாள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். தோளில் குளிக்கிற துண்டு. குற்றாலம் போகிற கூட்டத்தில் ஒருத்தி. அவள் வீட்டுக்காரர், பிள்ளைகள், பெட்டி எல்லாம் செங்கோட்டை வண்டியில் போய்விட்டன.

"கூட்டமா இருந்துச்சா, பக்கத்துப் பெட்டியில ஏறியிருப்பான்னு நெனச்சுட்டோம். போன் வந்த பெறகுதான் திக்குன்னுச்சு. வண்டியோட கார்டு கையில குடுங்கன்னாங்க. பிள்ளை என்ன பார்சலா? நானே கொண்டாந்துட்டேன்" என்றாள்.

முன்பின் தெரியாதவள். குற்றாலத்துக்கு வருஷத்தில் ஒரு தடவை போகிறவளாக இருக்கும். அவளும் அத்தையும் அன்று சாயங்கால வண்டியில் அந்தத் தாயையும் பிள்ளையையும் கூட்டிப்போய், வேறு பெட்டியில் வந்து தென்காசியில் இறங்கி, தங்கையைக் காணாமல் அங்கிருந்து போன் போடச் சொல்லிவிட்டுப் பித்துப் பிடித்து நின்ற அண்ணன்காரனிடம் ஒப்படைத்தார்கள். அத்தை ராத்திரி தங்கி மறுநாள்தான் வந்தாள். அதற்கப்புறம் அவளை ராசியில்லாதவள் என்று யாரும் சொல்லவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சொன்னார்கள். ஊர் வாய் அவ்வளவு லேசில் மூடாது. ஆனால் அப்பா சொல்லவில்லை. தவலை நிறைந்ததும் தள்ளுவண்டியின் ஒரு பக்கத்தை அவரே பிடித்துக்கொண்டு வருவார்.

நான் சொல்ல வந்தது அதுவுமில்லை. பிள்ளையை வாங்கினாளே, அந்த நேரத்தைச் சொல்ல வந்தேன். பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது, பசி. வாங்கின இடத்திலேயே தரையில் உட்கார்ந்து மாரோடு சேர்த்தாள். அத்தை முந்தானையை விரித்து மறைத்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். வண்டியும் நின்றது. சிவகாசி அம்மாள் குலவை போட்டாள். பக்கத்தில் நின்றவள் சேர்ந்தாள். பிறகு நடைமேடை முழுக்க, வண்டியின் ஜன்னல்களிலிருந்தும்கூட, பெண்கள் அத்தனை பேரும் குலவை போட்டார்கள். என் காது அடைத்தது, கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. பிள்ளை இன்னும் அழுகிறதா இல்லையா என்று யாருக்கும் கேட்கவில்லை. அவள் ஒருத்திதான் தலை நிமிரவில்லை. பிள்ளையின் நெஞ்சில் உள்ளங்கையைப் பதித்து வைத்திருந்தாள். அந்தக் கை கொஞ்ச நேரம் தூக்கித் தூக்கிப் போட்டது, பிறகு மெதுவாகி நின்றது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது என்று எங்கள் எல்லாருக்கும் முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது.